குளத்து நீரின் உப்பும் வளர்ப்பு மீன்களின் தேக சுகமும்

கடலோரக் கிராமங்களிலும், ஆற்றுக் கால்வாய்களின் கடைமடையிலும் உள்ள குளங்களைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கு நேரிடும் நஷ்டங்களுள் ஒன்று, கண்ணுக்குப் புலப்படாத காரணத்தால் நேரிடுவதாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் நிரம்புகிறது. மார்கழியில் கெண்டைக் குஞ்சுகள் விடப்படுகின்றன. மாசி வரையில் மீன்கள் ஓடியாடித் தீனி எடுக்கின்றன. பங்குனி கழிந்ததும் போட்ட தவிடும் பிண்ணாக்கும் மிச்சப்படத் தொடங்குகின்றன. பிடித்துப் பார்த்தால் மீனின் தலை பெரிதாகவும் உடல் மெலிந்தும் காணப்படுகிறது. வைகாசியில் ஒருநாள் விடியற்காலையில் கரையோரமாகப் பத்திருபது மீன்கள் செத்து மிதக்கின்றன. குளத்தில் எவரோ விஷம் கலந்துவிட்டார் என்று ஒரு கட்சியாரும், குஞ்சு விற்றவர் நோயுள்ள குஞ்சைக் கொடுத்து ஏமாற்றினார் என்று மற்றொரு கட்சியாரும் வாதிக்கின்றனர். குஞ்சுக்கும் தீனிக்கும் வாங்கிய கடன் மட்டும் சங்கத்தின் பேரேட்டில் வட்டியோடு நின்றுவிடுகிறது.

இத்தகைய சம்பவங்களில் பலவற்றிற்குக் காரணம் மனிதர் அல்லர். குளத்து ஜலத்தில் நாளுக்கு நாள் மிகுந்து வந்த உப்பேயாகும். உப்பு மீனை எவ்விதம் பாதிக்கிறது, எந்த அளவு வரையில் அது தீங்கற்றது, அதனை அளந்தறியும் வழி யாது என்பவற்றைச் சங்க அங்கத்தினர் அறிந்திருப்பாராயின் இந்த நஷ்டத்தைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

உப்பின் அளவு

உப்பைப் பற்றிப் பேசுமுன் அதற்கோர் அளவு வேண்டும். ஒரு லிட்டர் ஜலத்தில் எத்தனை கிராம் உப்பு கரைந்திருக்கிறதோ, அதனை அத்தனை "பங்கு" என்று இங்கே கொள்ளலாம். ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 1,000 கிராம் எடையுள்ளதாகையால், இது ஆயிரத்தில் இத்தனை பங்கு என்பதற்கு ஒப்பாகும். கடல் நீரில் சாதாரணமாக 35 பங்கு உப்பு உண்டு. நல்ல ஆற்று நீரில் அரைப் பங்குகூட இராது. கடல் நீர் ஒரு குடமும் உப்பே இல்லாத நல்ல நீர் ஆறு குடமும் கலந்தால், அக்கலவையில் 5 பங்கு உப்பு இருக்கும். இந்த 5 என்னும் எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கெண்டை வளர்ப்போருக்கு அதுவே எல்லைக்கல் போன்றது.

மீனின் உடலில் நடப்பது

நன்னீர் மீனின் இரத்தத்தில் ஏறக்குறைய 9 பங்கு உப்புக்கு ஒப்பான சத்துக்கள் கரைந்திருக்கின்றன. அதனைச் சூழ்ந்துள்ள குளத்து நீரிலோ அரைப் பங்கும் இல்லை. மெல்லிய சவ்வு ஒன்றின் இரு புறத்திலும் உப்பு மிகுந்த நீரும் உப்புக் குறைந்த நீரும் இருக்குமாயின், உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்திற்கு நீர் ஊர்ந்து செல்லும் என்பது இயற்கை விதி. உப்பிட்ட மாங்காய்த் துண்டிலிருந்து நீர் வெளிப்படுவதும், உலர்ந்த கொண்டைக்கடலையை நீரில் இட்டால் உப்புவதும் இதை ஒத்த செய்கைகளே.

மீனின் செவுள்கள் மூச்சு விடுவதற்காக மிக மெல்லிய தோலால் அமைந்தவை. ஆகையால் அவற்றின் வழியே குளத்து நீர் இரவும் பகலும் மீனின் உடலுக்குள் புகுந்துகொண்டே இருக்கிறது. இரத்தத்திலுள்ள உப்போ வெளியே கசிந்துகொண்டிருக்கிறது. இவ்விரண்டையும் சரிப்படுத்த நன்னீர் மீனுக்கு இயற்கை இரண்டு கருவிகளை அளித்துள்ளது. ஒன்று, உட்புகுந்த நீரை மிகுதியான, உப்பற்ற சிறுநீராக ஓயாமல் வெளியேற்றும் மூத்திரப் பிண்டங்கள். மற்றொன்று, வெளி நீரிலுள்ள சொற்ப உப்பையும் பொறுக்கி இரத்தத்தில் சேர்க்கும் செவுளிலுள்ள விசேஷ அணுக்கள். இவற்றை இயக்குவதற்கு மீன் தான் உண்ட ஆகாரத்தின் பலத்தில் ஒரு பகுதியைச் செலவிடுகிறது.

குளத்து நீரில் உப்பு சிறிது கூடினால் நடப்பது என்ன? உள்ளே புகும் நீரும் வெளியே கசியும் உப்பும் குறைகின்றன. மீனின் உழைப்பும் குறைகிறது. ஆகையால் 1 முதல் 3 பங்கு வரையிலான உப்பு வளர்ந்த கெண்டைகளுக்குப் பொதுவில் தீங்கு செய்வதில்லை. சில சமயம் நன்மையே செய்கிறது. உப்பு என்றாலே மீனுக்கு ஆகாது என்று அஞ்ச வேண்டியதில்லை.

ஆயின் உப்பு மேன்மேலும் கூடி 9 பங்கை நெருங்கும்போது நிலைமை தலைகீழாகிறது. வெளியிலும் உள்ளிலும் உப்பு சமமாகிவிடுகிறது. அதற்கும் மிஞ்சினால் மீனின் உடலிலுள்ள நீர் வெளியே இழுக்கப்படுகிறது. நீரின் நடுவே இருந்துகொண்டே மீன் வறண்டு போகிறது. கடல் மீன்கள் இந்த நிலைமையில் கடல் நீரைக் குடித்து, அதிலுள்ள உப்பைச் செவுள் வழியே வெளியே தள்ளிப் பிழைக்கின்றன. கெண்டை மீன்களுக்கு அந்தச் சக்தி போதுமான அளவு இல்லை. இரத்தத்தைக் காட்டிலும் உப்பு மிகுந்த சிறுநீரை வெளியேற்ற எந்த மீனின் மூத்திரப் பிண்டத்தாலும் இயலாது. ஆகவே இரத்தத்தில் உப்பு ஏறி, தசைகளும் செவுள்களும் கெட்டு, மீன் மடிகிறது.

மரணம் நேரிடுமுன்னரே நஷ்டம் ஆரம்பித்துவிடுகிறது என்பதே முக்கியமாய்க் கவனிக்கத்தக்கது. 5 பங்கைத் தாண்டியதும் மீன் தின்னும் தீனியில் பெரும் பகுதி சதையாக மாறாமல், உப்போடு போராடுவதிலேயே செலவாகிறது. பசி குறைகிறது. உடலின் மேலுள்ள வழவழப்பான கோழை மிகுதியாகச் சுரந்து, பின்னர் தேய்ந்துவிடுகிறது. அக்கோழையே நோய்க் கிருமிகளைத் தடுக்கும் கவசமாகையால், அது நீங்கியபின் புண்களும், செட்டை அழுகலும், செவுள் நோய்களும் எளிதில் பற்றுகின்றன. அவ்வாறு நோயுற்ற மீனைக் கண்டவர் நோய்க்கு மருந்து தேடுகின்றனரேயன்றி, நோய்க்கு வாசல் திறந்துவிட்ட உப்பை நினைப்பதில்லை.

இதனோடு பிராண வாயுவின் குறைவும் சேர்கிறது. உப்பும் வெப்பமும் கூடக்கூட ஜலத்தில் கரைந்து நிற்கும் பிராண வாயு குறையும். உப்பினால் மட்டும் ஏற்படும் குறைவு சிறிதேயாயினும், கோடையில் நீர் சுருங்கி, மீன் நெருங்கி, உப்போடு போராடும் மீனுக்கு மூச்சும் அதிகம் வேண்டியிருக்கும் சமயத்தில் அச்சிறு குறைவும் பெரிதாகிறது. இறப்பு பெரும்பாலும் விடியற்காலையில் காணப்படுவதற்குக் காரணம், குளத்தில் பிராண வாயு மிகக் குறைவாக இருக்கும் நேரம் அதுவே என்பதாகும்.

எந்த மீன் எவ்வளவு தாங்கும்

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் நமது சங்கங்கள் பெரும்பாலும் வளர்க்கும் மீன்கள். இவை நன்னீர் ஆறுகளில் தோன்றியவை. வளர்ந்த மீன்கள் 4 அல்லது 5 பங்கு வரையில் நன்றாக வளரும். அதற்குமேல் வளர்ச்சி குன்றும். 8 பங்கைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்தாகும். சாதாக்கெண்டை இவற்றைக் காட்டிலும் சிறிது கூடுதலாகத் தாங்கும் என்றாலும், அதுவும் நன்னீர் மீனே.

வயது குறையக் குறைய தாங்கும் சக்தியும் குறைகிறது. கெண்டையின் முட்டை நீரில் விழுந்ததும் நீரை உறிஞ்சிப் பருத்தாக வேண்டும். உப்பு நீரில் அது சரியாய்ப் பருப்பதில்லை. நுண்மீன் குஞ்சுகளின் செவுள்கள் முற்றும் வளர்ந்திரா. 1957-ஆம் வருஷத்தில் ஹிராலால் சௌத்ரி என்பவர் ஊசி மருந்தின் உதவியால் கெண்டைகளைக் குளத்திலேயே முட்டையிடச் செய்து வெற்றி கண்ட பின்னர், குஞ்சு உற்பத்தி பல ஊர்களிலும் பரவிற்று. ஆயினும் குஞ்சு உற்பத்திக்கும் நாற்றங்கால் குளத்துக்கும் உப்பற்ற நல்ல நீரே வேண்டும் என்னும் நிபந்தனை மாறவில்லை. உவர் நிலத்துச் சங்கங்கள் நுண்குஞ்சுகளை வாங்கித் தம் குளத்தில் நேரே விடாமல், விரலளவு வளர்ந்த குஞ்சுகளை வாங்கி விடுவதே நலம்.

வேறு சில மீன்கள் நன்னீரிலும் உப்பு நீரிலும் வாழ வல்லவை. பால்கெண்டை, மடவை, கரிமீன், கொடுவா ஆகியவை அத்தகையன. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியாவும் உப்பை நன்கு தாங்கும். ஆனால் அது கட்டுக்கடங்காமல் குஞ்சு பொரித்துக் குளத்தை நிரப்பிவிடும் இயல்புள்ளதாகையாலும், அதன் வளர்ப்புக்கு அரசாங்க விதிகள் இருப்பதாலும், மீன்துறை அதிகாரிகளைக் கலந்துகொண்டே முடிவு செய்ய வேண்டும். கொடுவா பிற மீன்களைத் தின்னும். அதனைக் கெண்டைக் குஞ்சுகளோடு சேர்த்து விடலாகாது.

கோடைக் கணக்கு

சங்கங்கள் பெரும்பாலும் தவறு செய்யும் இடம் இதுவே. குஞ்சு விடும் மாதத்தில் நீரைப் பரிசோதித்து, "உப்பு அதிகமில்லை" என்று திருப்தி அடைந்துவிடுகின்றனர். வெயில் நீரை மட்டுமே கொண்டுபோகிறது. உப்பைக் கொண்டுபோவதில்லை என்பதை மறந்துவிடுகின்றனர்.

ஓர் ஏக்கர் பரப்பும் 4 அடி ஆழமும் உள்ள குளத்தில் சுமார் 49 லட்சம் லிட்டர் நீர் நிற்கும். அதில் 3 பங்கு உப்பு இருக்குமாயின், குளத்திலுள்ள மொத்த உப்பு ஏறக்குறைய 15 டன் ஆகும். கோடையில் ஆவியாகும் நீர் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 50 நாட்களில் சுமார் ஓர் அடி நீர் குறையும். 100 நாட்களில் இரண்டடி குறையும். மாசி நடுவில் 4 அடி நின்ற நீர், வைகாசி கடைசியில் 2 அடியாகிவிடும். 15 டன் உப்போ அப்படியே இருக்கும். பாதி நீரில் முழு உப்பும் நிற்பதால், 3 பங்கு என்பது 6 பங்காகிறது. குளத்தின் கரைகள் சரிவாக இருப்பின், கீழே செல்லச் செல்லக் கொள்ளளவு சுருங்குவதால், கணக்கு இதைவிட மோசமாகும்.

ஆகவே மாசியில் 3 பங்கு காட்டிய குளம், மாசியில் நல்ல குளமாயினும் வைகாசியில் கெண்டைக்குத் தகாத குளம். "இன்று எத்தனை பங்கு" என்று கேட்பதோடு நில்லாமல், "நீர் எவ்வளவு குறையும்? குறைந்தபின் எத்தனை பங்கு ஆகும்?" என்றும் கேட்க வேண்டும். நீர் பாதியாகும் என்று எதிர்பார்க்கப்படும் குளத்தில் குஞ்சு விடும்போது இரண்டு பங்குக்கு மேல் உப்பு இருத்தல் நன்றன்று. அதற்கு மேல் இருப்பின், ஒன்று, இடையில் நல்ல நீர் விட வழியிருக்க வேண்டும். அல்லது உப்பு ஏறுமுன்னரே அறுவடை செய்துவிடும்படி, பெரிய குஞ்சுகளாக வாங்கிக் குறைந்த எண்ணிக்கையில் விட வேண்டும்.

ஏறிவிட்ட உப்பைக் குறைக்கச் சுலபமான மருந்து எதுவும் இல்லை. சுண்ணாம்பு நீரின் புளிப்பை மாற்றுமேயன்றி உப்பை நீக்காது. ஜிப்சம் களர் நிலத்தின் மண்ணைத் திருத்துமேயன்றிக் குளத்து நீரின் உப்பைக் குறைக்காது. 6 பங்கு உப்புள்ள நீரை 3 பங்காக்க, குளத்தில் எவ்வளவு நீர் இருக்கிறதோ அவ்வளவு நல்ல நீரை அதனோடு சேர்க்க வேண்டும். வேறு வழி கிடையாது.

அடிநீரும் மேல்நீரும்

உப்பு நீர் நல்ல நீரினும் கனமானது. ஆகையால் உப்பங்கழி நீர் குளத்தில் புகும்போது அது அடியில் தங்கும். பின்னர் பெய்யும் மழைநீர் மேலே போர்வைபோல் பரவி நிற்கும். இரண்டும் எளிதில் கலப்பதில்லை. மேலே முகந்த நீர் இனிப்பாயிருக்க, அடியில் உப்பு நிறைந்திருக்கும். காற்றுப் படாத அடிநீரில் பிராண வாயு தீர்ந்து, அழுகல் வாயுக்களும் சேரும். அடியில் மேயும் மிர்கால் முதலில் பாதிக்கப்பட, மேல்மட்டத்தில் மேயும் கட்லா நலமாயிருப்பதும் உண்டு. ஒரு ஜாதி மீன் மட்டும் சாகிறதென்றால் குஞ்சில் குறை என்று தீர்மானித்துவிடாமல், அடிநீரைச் சோதிக்க வேண்டும். பலத்த காற்று திடீரென்று இரு நீரையும் கலக்குமாயின் எல்லா மீன்களும் ஒரே இரவில் மூச்சுத் திணறக்கூடும்.

உப்பு வரும் வழிகள்

காவிரிப் பாசனப் பகுதியின் கடைமடையில் உப்பு வரும் வழிகள் பல. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்தபின், டெல்டாப் பாசனத்துக்கு ஜூன் 12-ஆம் தேதி நீர் திறப்பதும், ஜனவரி 28-ஆம் தேதி மூடுவதும் வழக்கமாக அமைந்தன. அணையின் இருப்பை ஒட்டித் தேதி முன்பின்னாவது உண்டு. கால்வாயில் நீர் நின்றபின், கடலை நோக்கி ஓடிய வெள்ளம் இல்லாமையால், கடலின் ஏற்றநீர் வடிகால் ஆறுகளின் வழியே உள்நாட்டுக்கு ஏறுகிறது. அப்போது வடிகாலிலிருந்து குளத்துக்கு நீர் இறைத்தால் உப்பையே இறைப்பதாகும். இறைப்பது அவசியமானால் இறக்க நேரத்தில், நீரைச் சோதித்தபின் இறைக்க வேண்டும்.

இரண்டாவது, புயலும் கடற்பெருக்கும். 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி எழுந்த ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் கடலோரத்துக் குளங்களில் கடல் நீர் நேரே புகுந்தது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யத்தின் அருகே கரை கடந்த கஜா புயல் போன்றவையும் கடல்நீரைக் கரைமேல் ஏற்றவல்லவை. அத்தகைய குளத்து நீரை இறைத்து வெளியேற்றி, மழைநீரால் ஓரிரு முறை கழுவிய பின்னரே மீன் விடலாம். சேற்றில் ஊறிய உப்பு புதுநீரிலும் கசியுமாகையால், நிரம்பிய உடனே சோதித்தது போதாது. இரண்டு வாரங் கழித்து மறுபடியும் சோதிக்க வேண்டும்.

மூன்றாவது, அண்டையிலுள்ள உப்பளங்களிலிருந்தும் இறால் பண்ணைகளிலிருந்தும் வரும் கசிவு. கடலோர இறால் பண்ணைகளைப் பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டதும் அங்கத்தினர் அறிந்திருக்கலாம். பண்ணையின் கழிவுநீர் பொதுக் குளத்திலோ பாசன வாய்க்காலிலோ விடப்படுமாயின், சங்கம் நீரைச் சோதித்த தாள்களுடன் அதிகாரிகளிடம் முறையிடலாம். அளவு எழுதப்பட்ட தாள் இல்லாத முறையீடு வாய்ச்சண்டையாகவே முடியும்.

நான்காவது, குழாய்க் கிணற்று நீர். கடலிலிருந்து வெகு தூரத்திலுள்ள ஊர்களிலும் நிலத்தடி நீர் உவர்ப்பாயிருப்பதுண்டு. அந்த உப்பு கடல் உப்பைப்போல் இருப்பதில்லை. சுண்ணச் சத்து மிகுந்தும், பொட்டாசியம் குறைந்தும் இருக்கலாம். ஹரியானாவில் உவர் நிலத்தடி நீரில் இறால் வளர்ப்போர் பொட்டாசியம் சேர்த்தே வளர்ப்பது இக்காரணம் பற்றியதே. உப்பின் அளவோடு அதன் தன்மையும் பார்க்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

உப்பு மருந்தாகும் இடம்

இதுகாறும் தீங்காகக் கூறப்பட்ட உப்பே, அளவோடு உபயோகித்தால் மீனுக்கு மருந்தும் ஆகும். மீனின் மேலும் செவுளிலும் ஒட்டி வாழும் நுண்ணிய கிருமிகளும் பூஞ்சணமும் மீனைக் காட்டிலும் விரைவாக உப்புக்கு மடிகின்றன. ஆகையால் குஞ்சுகளைக் குளத்தில் விடுமுன், லிட்டருக்கு 20 முதல் 30 கிராம் வரை கறியுப்புக் கரைத்த நீரில் இரண்டு முதல் ஐந்து நிமிஷம் வரை மூழ்கவைத்து எடுப்பது வழக்கம். குஞ்சு புரளத் தொடங்கினால் நேரம் பாராமல் உடனே எடுத்து நல்ல நீரில் விட வேண்டும். துத்தநாகம் பூசிய வாளியை இதற்கு உபயோகிக்கக் கூடாது. துத்தநாகம் கரைந்து மீனுக்கு விஷமாகும்.

குஞ்சுகளை வெகுதூரம் கொண்டுவரும்போது லிட்டருக்கு 2 அல்லது 3 கிராம் உப்பு சேர்ப்பதால், கலவரமுற்ற குஞ்சின் இரத்தத்திலிருந்து உப்பு வெளியேறுவது குறைந்து, சாவும் குறைகிறது. தீனியும் சாணமும் மிகுந்த குளத்தில் நைட்ரைட் என்னும் உப்புச் சேர்ந்தால் மீனின் இரத்தம் பழுப்பு நிறமாகிப் பிராண வாயுவைச் சுமக்கும் சக்தியை இழக்கும். கறியுப்பிலுள்ள குளோரைடு செவுளில் நைட்ரைட்டுக்குப் போட்டியாக நின்று அதனை உள்ளே புகவிடாமல் தடுக்கும்.

ஆயினும் தொட்டியில் செய்வதைக் குளத்தில் செய்ய முயலுதல் கூடாது. மேற்கண்ட ஓர் ஏக்கர் குளத்தில் ஒரே ஒரு பங்கு உப்பைக் கூட்ட ஏறக்குறைய 5 டன் உப்பு வேண்டும். போட்ட உப்பை எடுக்கவும் வழியில்லை. ஏற்கெனவே உவர்ப்பான குளத்தில் நோய் கண்டு உப்பு மூட்டைகளைக் கொட்டுவது, தீப்பற்றிய வைக்கோற்போரில் எண்ணெய் ஊற்றுவதை ஒக்கும்.

அளந்தறியும் முறைகள்

நாக்கு, உப்பு உண்டா இல்லையா என்று சொல்லும். 4 பங்கு என்றும் 7 பங்கு என்றும் பிரித்துச் சொல்லாது. ஆகையால் கருவியால் அளப்பதே முறை. மண், நீர்ப் பரிசோதனை நிலையங்கள் நீரின் மின்கடத்தும் திறனை டெசிசீமன்ஸ் என்னும் அளவில் எழுதித் தருகின்றன. அந்த எண்ணில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பாகமே உப்பின் பங்காகும். தாளில் 3 என்று இருந்தால் உப்பு சுமார் 2 பங்கு. 8 என்று இருந்தால் கெண்டையின் எல்லையான 5 பங்கை நெருங்கிவிட்டது என்று கொள்ளலாம். கையடக்கமான மின்கடத்துமானியைப் பல சங்கங்கள் கூடி ஒன்று வாங்கி வைத்துக்கொள்வதும் சிக்கனமே.

கருவி இல்லாத இடத்தில் ஒரு வழி உண்டு. ஒரு லிட்டர் குளத்து நீரைத் தெளியவைத்து, மெல்லிய துணியில் பலமுறை வடிகட்டி, சுத்தமான பாத்திரத்தில் முழுவதும் சுண்டக் காய்ச்ச வேண்டும். அடியில் தங்கிய உப்பை ஒட்டச் சுரண்டி நன்றாய் உலர்த்திப் பொற்கொல்லர் தராசில் நிறுத்தால், எத்தனை கிராம் நிற்கிறதோ ஏறக்குறைய அத்தனை பங்கு.

அடிநீர் எடுக்க, ஒரு சீசாவைக் கல்லோடு சேர்த்து மூங்கில் நுனியில் கட்டி, தக்கையில் கயிறு பிணைத்து, அடியில் சேர்ந்தபின் கயிற்றை இழுத்துத் தக்கையைத் திறக்க வேண்டும். மேல்நீர், அடிநீர் இரண்டையும் தனித்தனியே சோதித்தல் அவசியம்.

எல்லாச் சோதனையிலும் உறுதியானது மீனையே கேட்பதாகும். குஞ்சுகளை வாங்குமுன், இருபது குஞ்சுகளைச் சிறு வலைக்கூட்டில் இட்டுக் குளத்தில் இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டுக்கு மேல் இறக்குமாயின் அக்குளத்தில் அப்போது குஞ்சு விடக் கூடாது. விடும்போதும் பையோடு சிறிது நேரம் நீரில் மிதக்கவிட்டு, குளத்து நீரைச் சிறுகச் சிறுகப் பையில் சேர்த்துப் பழக்கிய பின்னரே விட வேண்டும். நாளொன்றுக்கு ஒரு பங்கு என்று மெதுவாக ஏறும் உப்பை மீன் ஓரளவு பழகிக்கொள்ளும். ஒரே மணி நேரத்தில் ஐந்து பங்கு ஏறுவதைத் தாங்காது.

சங்கம் செய்யத் தக்கவை

சென்னை மாகாணத்தில் விவசாயப் பாங்குகளைப் பற்றி 1895, 1897-ஆம் வருஷங்களில் அறிக்கைகள் எழுதிக் கூட்டுறவு இயக்கத்துக்கு வித்திட்ட சர் பிரெடரிக் நிகல்சன் அவர்களே, பின்னர் அம்மாகாணத்தின் மீன் தொழில் இலாகாவையும் தொடங்கிவைத்தவர். கடனும் மீனும் அன்றே ஒருவர் கைப்பட்ட காரியங்களாய் இருந்தன. கடன் வாங்கி மீன் வளர்க்கும் சங்கம், கடன் கணக்கைப் போலவே உப்புக் கணக்கையும் எழுதி வைத்தல் வேண்டும்.

அதற்கு ஒரு தனி நோட்டு போதும். மாதம் ஒருமுறையும், மாசி முதல் ஆனி வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறையும், நீரின் ஆழம், மேல்நீரின் உப்பு, அடிநீரின் உப்பு, மீன் தின்ற தீனி ஆகிய நான்கையும் தேதியிட்டு எழுத வேண்டும். உப்பு 4 பங்கை எட்டியதும் நல்ல நீருக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். கிடைக்காதாயின் பெரிய மீன்களைப் பிடித்து விற்றுக் குளத்தின் நெருக்கத்தைக் குறைக்க வேண்டும். 5 பங்கைத் தாண்டியும் ஏறுமாயின், மீன் இன்னும் பருக்கட்டும் என்று காத்திராமல் முழு அறுவடை செய்துவிட வேண்டும். அரைக் கிலோ மீனை உயிரோடு விற்ற சங்கத்துக்குக் கொஞ்சமேனும் பணம் வரும். ஒரு கிலோ ஆகட்டும் என்று காத்திருந்து செத்த மீனைப் புதைத்த சங்கத்துக்கு வருவது கடன் நோட்டீசே.

ஆண்டுதோறும் உப்பு ஏறும் குளமாயின், அடுத்த குத்தகைக்குக் கையொப்பமிடுமுன் பொதுக் கூட்டத்தில் அந்த நோட்டை வாசித்துக் காட்ட வேண்டும். சென்ற கோடையின் எண்களை நேரில் கேட்ட அங்கத்தினர், கெண்டையே விடுவதா, பால்கெண்டையும் மடவையும் விடுவதா, குத்தகைத் தொகையைக் குறைக்கக் கேட்பதா என்பதைத் தாமே தீர்மானிப்பார்கள். வைகாசியில் மீன் செத்தபின் யார்மேல் குற்றம் என்று கூடிப் பேசுவதைக் காட்டிலும், மார்கழியில் எத்தனை பங்கு என்று கூடிப் பார்ப்பது சங்கத்துக்கு லாபமும், ஊருக்கு ஒற்றுமையும் தருவதாகும்.